பாம்பு பிழைத்தது, குரங்கு ஏன் செத்தது?

2023 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு. பாங்காக்கிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வந்த ஒரு பையில் 78 பிராணிகளைச் சுங்கத் துறையினர் கண்டெடுத்தார்கள். 55 பால் பைத்தான்கள் (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), 17 ராஜநாகங்கள், 6 கபுச்சின் குரங்குகள். பாம்புகள் 72-ம் உயிரோடு இருந்தன, அதுவும் சீற்றத்தோடு. குரங்குகள் ஆறும் செத்துக் கிடந்தன.

“ஒரே விமானம், ஒரே பயணம். பாம்புக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். பழைய செய்திதான். ஆனால் பாங்காக் விமானத்தில் பிராணிகள் பிடிபடும் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழ வேண்டும். அந்தப் பை பிடிபடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, இதே விமான நிலையத்தில் 234 உயிரினங்கள் பிடிபட்டன. பெரும்பாலும் ஊர்வன. அவற்றோடு வந்த கங்காருக் குட்டி மூச்சுத் திணறிச் செத்திருந்தது. 2024 ஏப்ரலில் வந்த பத்து மஞ்சள் அனகோண்டாக்களும் பாங்காக் சரக்குதான். பிடிபடுவதில் பாம்பும் ஓணானும் ஆமையுமே அதிகம் இருப்பது தற்செயல் அல்ல.

பெங்களூரின் தர்ஷினி ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தோசைக்கல் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். காலையிலிருந்து இரவுவரை அடுப்பு அணையாது. குரங்கு அப்படிப்பட்ட ஓட்டல். உடம்பை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கவே அது தின்றதில் பெரும்பகுதி செலவாகிறது. பாம்பு, விருந்தாளி வந்தால் மட்டும் அடுப்பு மூட்டும் வீடு. ஒரே எடையுள்ள பாலூட்டியையும் ஊர்வனத்தையும் ஒரே உடல் வெப்பத்தில் வைத்து அளந்தாலே, சும்மா கிடக்கும்போது ஊர்வனத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு ஆக்சிஜன் போதும். உடம்பு பத்து டிகிரி குளிர்ந்தால் அதிலும் பாதியாகவோ, இன்னும் குறைவாகவோ ஆகிவிடும். குரங்கோ குளிரக் குளிர அடுப்பை இன்னும் தூண்டும். காற்றில்லாத பெட்டிக்குள் அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்வதற்குச் சமம்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் கல்யாணம் வந்தால்? பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும் அதன் வளர்சிதை மாற்றம் நாற்பது மடங்குவரை எகிறும். இரண்டே நாளில் இதயத்தின் எடை 40 சதவீதம் கூடும். குடலும் கல்லீரலும்கூடப் பெருக்கும். வாடகைக் கடையிலிருந்து அண்டாவும் கோட்டை அடுப்பும் இறக்குவதுபோல. செரித்து முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதயம் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே பெட்டிக்குள் தாக்குப்பிடிப்பது பட்டினிப் பாம்பு. கல்யாணச் சாப்பாடு முடித்த பாம்பு அல்ல. பால் பைத்தானோ மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கக்கூடியது. கடத்தல்காரனுக்கு உடலியங்கியல் பாடம் யாரும் எடுக்கவில்லை. எது செத்தால் நஷ்டம் என்ற கணக்கு போதும்.

சட்ட வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கை 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. 1975-ல் நடைமுறைக்கு வந்தது. 1976-ல் இந்தியா சேர்ந்தது. அது முழுத் தடைச் சட்டம் அல்ல, பெரும்பாலும் அனுமதிச் சீட்டு முறை. பால் பைத்தானும் ராஜநாகமும் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சீட்டு இருந்தால் வணிகம் செய்யலாம். அந்தப் பட்டியல்கள் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் நுழைந்ததே 2022 திருத்தத்தில்தான். அதுவரை சுங்க அதிகாரியின் கையிலிருந்த முக்கிய ஆயுதம் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம். தங்கக் கட்டிக்கும் அதுதான், மலைப்பாம்புக்கும் அதுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எக்ஸ்ரே என்று பேச்சு. முப்பரிமாண எக்ஸ்ரே படத்தில் பிராணிகளை அடையாளம் காணக் கணினிக்கு ஆஸ்திரேலியாவில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் வழக்கமான சாமான் எக்ஸ்ரே திரையில் துணி, ரொட்டி, தசை எல்லாமே கரிமப் பொருள் என்ற ஒரே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும். துணிப்பைக்குள் அசையாமல் சுருண்ட பாம்பு, மடித்த சட்டைகளுக்கு நடுவே இன்னொரு ஆரஞ்சு மடிப்பு. சரி, கணினி கண்டுபிடித்தே விட்டது என்று வையுங்கள். ஜிப்பைத் திறக்கப்போவது கணினி அல்ல, உள்ளே இருப்பது ராஜநாகம்.

சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லை என்போர் வெளியேறும் கிரீன் சேனலைத் தாண்டிவிட்டால் பிடி தளர்ந்துவிடும். வீட்டில் வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே சலுகை தந்தது. 2024-ல்தான் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயமானது. செல்லப்பிராணியாகப் பால் பைத்தான் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

பிடிபட்ட 17 ராஜநாகங்களை, ராஜநாகங்களுக்குப் பேர்போன நம் ஆகும்பே காட்டிலேயே விட்டிருக்கலாமே என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் 2024 அக்டோபரில் வந்த ஆய்வு, ராஜநாகம் ஒரே இனம் அல்ல, நான்கு என்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது வேறெங்கும் இல்லாத தனி இனம். கன்னட மக்கள் அழைக்கும் பெயரையே அதற்கு அறிவியல் பெயராக வைத்தார்கள்: ஒஃபியோஃபேகஸ் காளிங்கா. பாங்காக்கிலிருந்து வந்தவை காளிங்காவாக இருக்க வாய்ப்பில்லை. இந்த ஆய்வு வருவதற்கு ஓராண்டு முன்பே, உயிரோடிருந்த 72 பாம்புகளையும் சுங்கத் துறை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தது.