குடிசை சொந்தமானது, மனை கனவானது!

தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து ஒருமுறை சென்று பாருங்கள், தோழர்களே! ஒரு பக்கம் நாற்று நட்ட வயல். மறுபக்கம் கல் நட்ட வயல்! நாற்றைப் போலவே வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள், மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக் கற்களை. நடுவே செம்மண் பாதை, வாயிலில் ஒரு வளைவு, காற்றில் ஆடும் கொடிகள், பெரிய எழுத்தில் ஒரு ‘நகர்’! நெல் விளைந்த மண்ணில் இன்று கல் விளைகிறது.

அப்படிப்பட்ட இடமொன்றில் அண்மையில் சிறிது நேரம் நின்றோம். மனைத் தரகர் முழங்கிக்கொண்டிருந்தார்: “1,200 சதுர அடி, கிழக்குப் பார்த்த மனை, அரசு அங்கீகாரம் உண்டு, வங்கிக் கடனும் உண்டு!” வேலிக்கு வெளியே முதியவள் ஒருத்தி நின்றாள். இடுப்பிலே புல்லுக்கட்டு.

“இந்த வயல்லதான் தம்பி நாப்பது வருசமா நாத்து நட்டேன். என் பேரனுக்கு ஒரு குடிசை போடணும். ஒரு குழி என்ன வெலை?”

தரகர் சிரித்தார். “குழிக் கணக்கெல்லாம் போயிடுச்சு பாட்டி. இப்ப எல்லாம் சதுர அடிதான்.”

அவளும் சிரித்தாள். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை!

குழி என்றால் 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலும் படிக்காமல், குனிந்து நட்ட முதுகால் அறிந்தவள் அவள். அவளுக்கு அங்கே எட்டுக் குழி மண் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இன்று நாம் பேச வேண்டிய செய்தி.

பழைய கதையைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். பண்ணையாள் என்றொரு பிறவி இருந்தது இந்தத் தஞ்சைத் தரணியிலே. உழைப்பு அவனுடையது, விளைவு மிராசுதாருடையது. அவன் படுத்துறங்கும் குடிசைக்கு அடியிலுள்ள மண்ணும் மிராசுதாருடையதே! சவுக்கடி பட்டான், சாணிப்பால் குடித்தான் என்று சொல்கிறோமே, அவற்றையெல்லாம்விடக் கூர்மையான ஆயுதம் ஒன்று பண்ணையாரின் கையில் இருந்தது. “குடிசையைக் காலி செய்!” என்ற மூன்று சொற்கள்தாம் அந்த ஆயுதம். கூலி கேட்டால் காலி செய். கொடி பிடித்தால் காலி செய். நிமிர்ந்து பார்த்தால் காலி செய்! வீட்டு மனை இல்லாதவனுக்கு வாய் இல்லை, வாய் இல்லாதவனுக்கு வாழ்வு இல்லை என்பதை மிராசுதார் நன்றாக அறிந்திருந்தார்.

அந்த ஆயுதத்தைப் பிடுங்க எத்தனை ஆண்டுகள் ஆயின! 1943-இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ், சேரி சேரியாக நடந்து செங்கொடி ஏற்றினார். அவர் நம் கட்சிக்காரர் அல்லர் என்றாலும் அந்த உழைப்பை மறைப்பது அறமாகாது. இன்னொரு புறம், பெரியாரின் கருஞ்சட்டைத் தோழர்கள் தன்மானத்தைத் தெருத்தெருவாக எடுத்துச் சென்றனர். 1952-இல் ஆச்சாரியார் ஆட்சியிலே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல், குடியிருப்பிலிருந்து உழவுத் தொழிலாளியை வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அச்சம் வீட்டில் இருந்தது!

பின்னர் வந்தது 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி! கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அண்ணா முதலமைச்சராக இருந்த நாளில் நடந்த கொடுமை அது. அதை மறைத்துப் பேச நாம் யார்? நம் இயக்கத்தின் நெஞ்சில் ஆறாத வடு அது. தஞ்சரண் என்று ஓடிப் புகுந்த இடமே தீக்குழியாயிற்றே! குடிசை என்பது காவலும் அன்று, சொந்தமும் அன்று என்று நாட்டுக்கே காட்டிய நெருப்பு அது.

1971-இல் கலைஞர் ஆட்சி, குடியிருப்பு மனைக்கு உரிமை வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1961-இன் சட்டம் “உன்னை வெளியேற்ற மாட்டோம்” என்றது. 1971-இன் சட்டம் “இந்த மண் உன்னுடையது” என்றது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பத்து ஆண்டுகள் மட்டுமல்ல. அடிமைக்கும் குடிமகனுக்கும் இடையே உள்ள தூரம் அது! “காலி செய்” என்ற சொல் அன்றோடு கூர் மழுங்கிற்று. பண்ணையாரின் வாசலில் நிற்காமலே வாழலாம் என்ற துணிவு சேரியிலே பிறந்தது.

ஆனால் தோழர்களே, சட்டம் அன்றைக்கு இருந்த குடிசைக்குத்தான் உரிமை தந்தது. குடும்பம் அன்றைக்கு இருந்த அளவிலேயா நிற்கும்? அன்று ஒரு குடிசையில் ஒரு தம்பதி. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். மண் வளரவில்லை, மக்கள் வளர்ந்தனர். ஒரு பட்டாவில் மூன்று அடுப்பு எரிகிறது. திருமணமான மகன் திண்ணையில் படுக்கிறான், தம்பி வாய்க்கால் கரையில் கூரை போடுகிறான். வேறு சிலர் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது கூரைகள் பறந்தன. யாருடைய கூரை? மாடிவீட்டுக்காரரின் கூரையா? வாய்க்கால் கரையில் ஒதுங்கியவனின் கூரைதானே!

வீடு கட்டித் தரத் திட்டம் இல்லையா? உண்டு. 2010-இல் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கியது. 2016-இல் ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் வந்தது. 2024-இல், 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாயில் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. பெருமைப்படுகிறோம். ஆயினும், பயனாளியிடம் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி என்ன? “பட்டா எங்கே?” வீட்டுக்குப் பணம் இருக்கிறது, வீடு நிற்க மண் இல்லை! தலைக்கு எண்ணெய் தருகிறோம், தலை எங்கே என்று கேட்பது போலல்லவா இருக்கிறது!

“மனை வாங்கிக்கொள்ளட்டுமே” என்பர் சிலர். கணக்குப் பார்ப்போம். சதுர அடி 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடிக்கு 6 இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 54,000 ரூபாய். 2025-26-க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். பதிவுச் செலவுக்கு மட்டும் 161 நாள் கூலி வேண்டும். மனைக்கோ 1,786 நாள்! உண்ணாமல், உடுத்தாமல், பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்காமல் அத்தனை நாளும் சேர்க்க வேண்டும். பெண் பெயரில் 10 இலட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்த சலுகை நல்லதே. ஆனால் அது வாங்க முடிந்தவளுக்குத்தான் சலுகை, புல்லுக்கட்டுக்காரிக்கு அல்ல.

விலை ஏன் ஏறுகிறது? வயலை விற்ற உழவரைத் திட்டிப் பயனில்லை. மேட்டூர் சூன் 12-இல் திறக்குமா என்று வானத்தைப் பார்த்து, விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனையவிட்டு, கடனுக்கு வட்டி கட்டி ஓய்ந்தவர் அவர். வாங்குகிறவரில் பலர் குடியேற வாங்குவதில்லை, கூடுதல் விலைக்கு விற்க வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் சிந்திய வியர்வையும் வளைகுடாவில் வதங்கிய உடலும் அனுப்பும் பணம், வங்கியைவிட மண்ணை நம்புகிறது. ஆகவே மனைகள் விற்றுவிட்டன, வீடுகள் எழவில்லை. கல்லுக்கிடையே கருவேலம் முளைக்கிறது. வடிகாலை அடைத்ததால் அடுத்த வயலில் தண்ணீர் நிற்கிறது.

மலிவு என்று நம்பி, அங்கீகாரமற்ற மனையைத் தவணையில் வாங்கிய தொழிலாளி என்ன ஆனான்? 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. விற்றவன் கையில் பணம். வாங்கியவன் கையில் விண்ணப்பம்!

சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பவர்களுக்கு, நம் பிள்ளைகள் வேலை செய்யும் சிங்கப்பூரையே காட்டுவோம். 1960-இல் அங்கே வீடமைப்புக் கழகம் அமைந்தது. 1966-இல் நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அக்கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். முதலாளித்துவம் தழைத்த நாடுதான் அது. அங்கும் மண்ணைச் சந்தையிடம் விட்டுவிடவில்லை!

இனி நம்மை நோக்கி ஒரு கேள்வி. அந்தக் கற்களை நட்டவர்களில் நம்மவர் யாருமில்லையா? மேடையில் வெண்மணியைப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் மனை விளம்பரத்தில் சிரிக்கும் தோழர் எவரும் இல்லையா? கசக்கத்தான் செய்யும். கசப்பை விழுங்கினால்தான் காய்ச்சல் தீரும்.

செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு கிளைக் கழகத் தோழரும் தம் ஊரில் தெருத்தெருவாகச் சென்று, ஒரே பட்டாவில் எத்தனை குடும்பம், பட்டாவே இல்லாதோர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் வையுங்கள், தீர்மானமாக்குங்கள். ஒரு எக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மனையாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் மனைப்பிரிவில் அந்த மனைகள் எங்கே, யாருக்கு விற்கப்பட்டன என்று கேளுங்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் கேளுங்கள். நம்மவர் இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்! நஞ்சையை அழிக்காமல், மேட்டு நிலத்தை அரசு விலைக்கு வாங்கி, குடும்பத் தலைவியின் பெயரில் பட்டா வழங்கட்டும். 1971-இல் முடிந்தது இன்று முடியாதா?

அந்த முதியவள் புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். தான் நட்டு வளர்த்த வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கேட்டது ஒரு வேலி அல்ல, ஒரு மாவும் அல்ல. எட்டுக் குழி! அதைக் கொடுக்க முடியாத ஆட்சி எதுவானாலும், அதைக் கேட்கத் துணியாத கட்சி எதுவானாலும், அவள் முன் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

பட்டியலைத் தொடங்குங்கள், தோழர்களே. இன்று மாலையே தொடங்குங்கள்!