இலை மஞ்சளாவது ஏன்? பசளைக் குறையையும் நீர்க் குறையையும் பிரித்தறிதல்

மிளகாய்த் தோட்டத்தில் இலைகள் மஞ்சள் நிறமடையத் தொடங்கியதும் கமக்காரர் பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வர். ஒன்று, யூரியா வாங்கி இடுவது. மற்றது, இறைப்பைக் கூட்டுவது. சில வேளைகளில் இரண்டும் ஒரே நாளிற் செய்யப்படுவதும் உண்டு. பயிருக்கு வேண்டியது அதுவேயாயின் நன்மை உண்டாகும். ஆனால் வேர் காற்றின்றித் தவிக்கும் செடிக்கு மேலும் நீர் விடுவதும், உப்பினாற் கருகும் செடிக்கு மேலும் பசளை இடுவதும் கேட்டைப் பெருக்கும் செயல்களாகும்.

இத்தவறினால் வரும் நட்டம் சிறிதன்று. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்ட பின்னர், பசளையின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கமக்காரர் நன்கு அறிவர். அதனிலும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. பயிர் உண்ணாத நைதரசன் நீரோடு கீழிறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த செம்மண் நீரை விரைவாகக் கீழே விட்டுவிடும். அங்குள்ள பல கிணறுகளில், குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கு மேலாக நைத்திரேற்று காணப்பட்டுள்ளது. இத்தகைய நீர் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்குப் பெருந் தீங்கு விளைக்கக் கூடியது. ஆகவே, இலையைக் கண்டவுடன் பசளைப் பையை அவிழ்க்காது, காரணத்தை ஒழுங்காக ஆராய்ந்தறிதல் வேண்டும். அவ்வொழுங்கு மூன்று படிகளைக் கொண்டது: முதலில் மண்ணும் நீரும், அடுத்து இலையின் வயது, இறுதியில் சிறு சோதனை.

1. முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

பாத்தியின் மேற்பரப்பைப் பார்த்து நீர் போதுமா என முடிவு செய்தல் கூடாது. மேல்மண் காய்ந்திருக்கையில் வேர்மண் சேறாக இருக்கலாம். மேல்மண் நனைந்திருக்கையில் அடியிற் புழுதியும் இருக்கலாம். செடியின் அருகே 4 முதல் 6 அங்குல ஆழத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பாருங்கள். விரல்களுக்கிடையே நீர் கசிந்தால் ஈரம் மிகுதி. நீர் கசியாது உருண்டையாக நின்றால் ஈரம் போதும். உருண்டையாகாது உதிர்ந்தால் இறைப்பு வேண்டும். மணல் மண் நன்றாக உருளாது. அங்கே கையிற் குளிர்ச்சியும் ஈரமும் உண்டா என்பதையே பார்த்தல் வேண்டும்.

நீர் குறைந்த செடி நண்பகலில் வாடி, மாலையில் நிமிரும். குறை முற்றினால் காலையிலும் வாட்டம் நீங்காது. இலையின் பளபளப்புக் கெடும். பூவும் பிஞ்சும் உதிரும்.

நீர் மிகுந்த செடியும் வாடுவதே பலரை ஏமாற்றுகின்றது. வேர் மூச்சுவிடுவதற்கு மண்ணிலே காற்று வேண்டும். மண்ணின் துளைகள் யாவும் நீரால் நிரம்பினால் காற்று வெளியேறுகின்றது. காற்றில்லாத வேர் நீரையும் உணவையும் உறிஞ்சும் வலிமையை இழக்கின்றது. ஆகவே நீரின் நடுவே நின்றும் செடி தாகத்தால் வாடும். உரம் நிறைந்த மண்ணில் நின்றும் பசியால் மஞ்சளாகும். தக்காளியில் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். அடியிலைகள் மஞ்சளாகி விழும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வெண்மையாக இருக்க வேண்டிய வேர்கள் கபில நிறமடைந்து, மேற்றோல் கழன்று, கெட்ட மணம் வீசும். இங்கே மருந்து பசளையன்று. வடிகால் வெட்டுதலும், பாத்தியை உயர்த்துதலும், இறைப்பு நாட்களை இடைவிட்டு அமைத்தலுமே பரிகாரமாகும்.

மூன்றாவதாக உப்பைக் கவனித்தல் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் இலைகளின் நுனியும் ஓரமும் கருகுமாயின், வரம்பின் மேல் வெண்மையான படிவும் காணப்படுமாயின், நீரிலோ மண்ணிலோ உப்பு மிகுந்துள்ளது எனச் சந்தேகிக்கலாம். கடலோரக் கிணறுகளிலே கோடையின் இறுதியில் இது கூடும். அளவுக்கு மிஞ்சிய பசளையும் இவ்வாறே கருக்கும். நீரின் மின்கடத்துதிறனை அளந்து இதனை உறுதிப்படுத்தலாம். மீற்றருக்கு 0.7 தெசிசீமன் வரையுள்ள நீரால் உப்பின் இடர் இல்லை, 3.0 இற்கு மேற்பட்டால் இடர் கடுமையாகும். போஞ்சியும் வெங்காயமும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். மிளகாய் சற்றுக் கூடுதலாகவும், தக்காளி அதனிலும் கூடுதலாகவும் தாங்கும்.

2. முதிர்ந்த இலையா, இளம் இலையா?

மண்ணிலும் நீரிலும் குறை காணப்படாவிடின், அடுத்து இலையைப் பார்க்கலாம். எந்த நிறம் என்று கேட்பதற்கு முன்னர், எந்த இலை என்று கேட்டல் வேண்டும்.

செடி சில உணவுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்ல வல்லது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் என்பன அத்தகையவை. இவை குறைந்தால், தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பது போன்று, முதிர்ந்த இலை தன்னிடமுள்ளதை இளந்தளிருக்குக் கொடுத்துவிட்டுத் தான் வாடும். ஆகவே இவற்றின் குறை அடியிலையிலேயே முதலில் தோன்றும். கல்சியம், இரும்பு, போரன் முதலியவற்றை அவ்வாறு எளிதாக நகர்த்த முடியாது. இவற்றின் குறை குருத்திலும் இளம் இலையிலும் தோன்றும்.

அடியிலைகளிற் தோன்றும் குறிகள்:

நைதரசன் குறைந்தால் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகும், நரம்பும் மஞ்சளாகும். தண்டு மெலியும். மாறாக, நைதரசன் மிகுந்தால் இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூ குறையும். பூச்சிகளும் நாடி வரும்.

பொசுபரசு குறைந்தால் செடி குன்றும். இலை மஞ்சளாகாது கரும்பச்சையாகி, தக்காளியில் இலையின் கீழ்ப்புறம் ஊதா நிறம் பெறும்.

பொற்றாசியம் குறைந்தால் இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகிப் பின்னர் தீய்ந்தது போலாகும். நடுப்பகுதி பச்சையாக நிற்கும். தக்காளிப் பழம் சீராகப் பழுக்காது. உப்பின் கருகலும் இதனைப் போலவே தோன்றுமாதலால், முன்னர்க் கூறிய நீர்ச் சோதனையைச் செய்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மகனீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக நிற்க, அவற்றின் இடைவெளி மஞ்சளாகும். பொற்றாசுப் பசளையை மிகையாக இட்ட தோட்டங்களிலும் இக்குறை தோன்றலாம். ஒன்று மிகுந்தால் மற்றொன்றை வேர் ஏற்க மாட்டாது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இளம் இலைகளிலும் காயிலும் தோன்றும் குறிகள்:

இரும்பு குறைந்தால் இளம் இலையின் நரம்புகள் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருக்கும். முற்றினால் இலை வெண்மையாகும். குறி மகனீசியக் குறையை ஒத்ததாயினும் இலையின் வயது வேறு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. நீர் தேங்கிய தோட்டத்திலும், வேர் நலிவதால், மேட்டு நிலப் பயிருக்கு இவ்வாறு நேரும்.

கல்சியம் குறைந்தால் தக்காளிக் காயின் பூ இருந்த முனை கறுத்து அமிழும். மிளகாயிலும் இதனைக் காணலாம். பெரும்பாலும் மண்ணிற் கல்சியம் இல்லாமையால் இது வருவதில்லை. சில நாள் காயவிட்டுப் பின்னர் வெள்ளமாக இறைப்பதே காரணமாகும். கல்சியம் நீரோடு சேர்ந்தே காயை அடைகின்றது. நீர் சீராகச் செல்லாவிடின் கல்சியமும் செல்லாது. சீரான இறைப்பும், வைக்கோல் மூடாக்கும் இதற்கு உதவும்.

போரன் குறைந்தால் பூக்கோவாவின் தண்டு உள்ளே பொள்ளலாகி, பூ கபில நிறமடையும். ஆயினும் வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிதாகையால், ஆலோசனையின்றிப் போரன் இடுதல் கூடாது.

3. நெல்வயலில் கவனிக்க வேண்டியவை

நெல் நீரில் வாழப் பழகிய பயிர். எனினும் அதற்கும் வயல்நீரால் வரும் குறைகள் உண்டு. நடுகையின் பின்னர் 2 முதல் 4 வாரங்களுள் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி, இலையின் நடுநரம்பு அடியில் வெளிறி, கீழிலைகளிற் கபிலப் புள்ளிகள் தோன்றுமாயின் நாகக் குறையெனச் சந்தேகிக்கலாம். சுண்ணாம்புத் தன்மையுள்ள, நீர் வடியாத வயல்களில் இது கூடும். வட இந்தியாவில் கைரா என அழைக்கப்பட்ட நெல் நோய் நாகக் குறையே என 1966 ஆம் ஆண்டில் பந்த்நகரில் வை. எல். நேனே கண்டறிந்தார். அதுவரை காரணம் அறியப்படாதிருந்த அந்நோய், நாக சல்பேற்றுத் தெளித்தபோது நீங்கியது.

ஈரவலயத்தின் தாழ்ந்த வயல்களில் இதற்கு மாறாக இரும்பு மிகுந்து நஞ்சாவதுண்டு. கீழிலைகள் நுனியிலிருந்து கபிலப் புள்ளியிட்டு வெண்கல நிறமடையும். இவ்வயல்களில் நீரை வடித்து மண்ணுக்குக் காற்றூட்டுதலும், பொற்றாசுப் பசளையைக் குறைவின்றி இடுதலும் பயன்தரும்.

யூரியாவை மேற்கட்டாக இடுவதற்கு முன்னர் இலைநிற அட்டையைப் பயன்படுத்தல் நன்று. முற்றாக விரிந்த மேலிலையை, உமது நிழலில் வைத்து, 10 செடிகளில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நிறம் போதியதாயின் அவ்வேளை யூரியா வேண்டியதில்லை.

4. பசளைக் குறை போலத் தோன்றும் நோய்கள்

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியும் காரணமாகலாம். வைரசு நோயாலும் சுருளும். கத்தரியோ தக்காளியோ பச்சையாக இருக்கையிலேயே திடீரென வாடினால், தண்டின் அடிப்பகுதியில் 2 அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களிற் பால் போன்ற இழை இறங்கினால் அது பற்றீரிய வாடலாகும். அச்செடிக்குப் பசளையும் நீரும் உதவமாட்டா. பிடுங்கி அகற்றுவதே வழி. வேரிற் சிறு முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழுவின் தாக்கமாகும்.

5. சோதித்த பின்னரே செலவிடுங்கள்

குறையை ஊகித்த பின்னரும் முழுத் தோட்டத்துக்கும் பசளை இடவேண்டாம். பத்துச் செடிகளுக்கு மட்டும் இட்டு, அருகிலுள்ள பத்துச் செடிகளை ஒன்றும் இடாது விடுங்கள். இரும்புக் குறையெனக் கருதினால் ஓர் இலீற்றர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றையும், மகனீசியக் குறையெனக் கருதினால் 10 கிராம் மகனீசியம் சல்பேற்றையும் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். ஒன்றிரண்டு வாரங்களிற் தெளித்த செடிகள் மட்டும் பச்சை பெற்றால் ஊகம் சரியானது. ஏற்கெனவே கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. ஆகவே புதிய இலைகளையே நோக்குதல் வேண்டும். இரு வரிசைகளுக்கும் வேறுபாடு இல்லையேல் மீண்டும் மண்ணையும் வேரையும் பாருங்கள்.

இச்சோதனையிலும் தெளிவு கிட்டாவிடின், நலமுள்ள ஒரு செடியையும் நலிந்த ஒரு செடியையும் வேரோடும் மண்ணோடும் எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள். எத்தனை நாளுக்கொருமுறை இறைத்தீர்கள், எந்தப் பசளையை எப்போது எவ்வளவு இட்டீர்கள் என்பவற்றையும் எழுதி எடுத்துச் செல்வது நன்று. மண் பரிசோதனை வேண்டுமாயின் அதற்கான வழியையும் அவர் கூறுவார். கையில் மண்ணெடுத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. பாராது இடும் ஒவ்வொரு பை யூரியாவுக்கும் கமக்காரரின் பணமும் அவரது கிணற்று நீரும் விலையாகின்றன.