குருத்தோலையும் மஞ்சள்காதுக் கிளியும்

அழியும் நிலையிலுள்ள உயிரினத்தைக் காப்பது என்றால் வேட்டையைத் தடுப்பதும் காட்டுக்கு வேலியிடுவதுமே நம் நினைவுக்கு வரும். தென்னமெரிக்க நாடான கொலம்பியாவிலோ, ஒரு கிளியைக் காக்கத் தேவாலயங்களும் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆண்டீஸ் மலைத்தொடரின் முகில்காடுகளில் வாழ்வது மஞ்சள்காதுக் கிளி. அதன் வாழ்வு மெழுகுப்பனையைச் சார்ந்தது. 60 மீட்டர் வரை உயரும் இம்மரமே உலகின் மிக உயரமான பனையினம். அதன் கனி கிளிக்கு உணவு. பட்டுப்போன மரத்தின் பொந்து அதற்குக் கூடு.

காடுகள் மேய்ச்சல் நிலங்களாக மாறியபோது பனைகள் குறைந்தன. எஞ்சியவற்றின் இளங்குருத்துகளும் ஆண்டுதோறும் குருத்தோலை ஞாயிறு பவனிக்காக வெட்டப்பட்டன. நடுக்குருத்தை இழந்த பனை நலிவதை நம் பனையேறிகளும் அறிவர். மெழுகுப்பனையைத் தேசிய மரமாக அறிவித்து, 1985-ஆம் ஆண்டிலேயே கொலம்பியா சட்டம் இயற்றியது. ஆயினும் 1999-இல் தோலிமா மாகாண மலைகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்த கிளிகள் 81 மட்டுமே.

அதன் பிறகே மாற்றம் தொடங்கியது. 'புரோஆவெஸ்' என்ற பறவைகள் பாதுகாப்பு அமைப்பு திருச்சபையுடன் கைகோத்தது. பவனிக்கு வேறு தாவரங்களின் இலைகளைப் பயன்படுத்துமாறு மக்கள் வேண்டப்பட்டனர். செயற்கைக் கூடுகள் பொருத்தப்பட்டன, பனங்கன்றுகள் நடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே கிளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. சட்டம் தனித்துச் சாதிக்க முடியாததை, மக்களின் இசைவு சாதித்தது. பக்தியைப் பழிக்காமல் பழக்கத்தை மட்டும் மாற்றக் கோரியதே இம்முயற்சியின் வலிமை என்று கருதுகிறேன்.

எனினும், இதை முழு வெற்றியாகக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. கொலம்பியாவின் கொக்கோரா பள்ளத்தாக்கில் பசும்புல்வெளி நடுவே வானளாவி நிற்கும் பனைகளைக் காணச் சுற்றுலாப் பயணிகள் குவிகின்றனர். அந்த அழகுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காட்டின் நிழலில் முளைத்து வளர வேண்டிய கன்றுகள் திறந்த வெளியில் வெயிலில் கருகுகின்றன. தப்பியவை கால்நடைகளுக்கு இரையாகின்றன. நிற்பவை எல்லாம் முதிய மரங்கள். அடிமரம் உருவாகவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் இந்த மரத்தில், இன்றைய இழப்பு நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். இன்று பெருகும் கிளிகள், நேற்றைய காடு சேர்த்துவைத்த முதலில் வாழ்கின்றன.

ஆகவே, கிளிகளை எண்ணுவதோடு கன்றுகளையும் எண்ண வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியையேனும் வேலியிட்டுக் காடாக விட்டுக்கொடுக்கும் உழவர்களுக்கு அரசு ஈடு வழங்க வேண்டும்.

இது தொலைதூர நாட்டின் கதை மட்டுமன்று. பனை நம் மாநில மரம். தலையிழந்த பனைமரப் பொந்துகளில் நம் ஊர்க் கிளிகளும் குஞ்சு பொரிக்கின்றன. வரப்புகளில் நிற்கும் பனைகளைக் காட்டிப் பெருமைப்படும் நாம், அவற்றின் காலடியில் வடலிகள் வளர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.