பேயோட்டுதலும் காயம் விளைவித்தல் குற்றமும்: ‘நல்லெண்ணம்’ என்னும் சட்டச்சொல்

பேயோட்டும் சடங்குகளில் பிரம்பால் அடித்தலும் சூடிடுதலும் மிளகாய்ப்புகை காட்டுதலும் சங்கிலியால் பிணைத்தலும் நிகழ்வதுண்டு. இவை குற்றவழக்காகும்போது எதிரித்தரப்பு முன்வைக்கத்தக்க வாதங்கள் இரண்டு: பாதிக்கப்பட்டவர் இசைந்தார், அவர்தம் நன்மைக்காகவே அது செய்யப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு (பாரதிய நியாய சன்ஹிதா, 2023இல் பிரிவு 26) இவ்வாதங்களுக்கு இடமளிப்பதுபோலத் தோன்றும். இசைவு பெற்று, ஒருவரது நன்மைக்காக, மரணம் விளைவிக்கும் கருத்தின்றி, நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்பது அதன் சாரம்.

சிக்கல் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லில் உள்ளது. பொதுவழக்கில் அது மனத்தூய்மையைக் குறிக்கும். 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்திற்கும் நேர்மை இருந்தாலே போதும்; கவனக்குறைவு அங்குப் பொருட்டன்று. தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ நேர்மையைப் பற்றிப் பேசவே இல்லை. உரிய எச்சரிக்கையும் கவனமும் இன்றிச் செய்ததோ நம்பியதோ எதுவும் நல்லெண்ணத்தின்பாற்படாது என்கிறது. எனவே, பேய் உண்டெனத் தாம் உளமார நம்பியதைப் பேயோட்டுநர் மெய்ப்பித்தாலும் அதனால் மட்டும் விலக்குக் கிட்டாது. மூலநோயைச் சாதாரணக் கத்தியால் அறுத்து நோயாளி இறக்கக் காரணமான கவிராயர் ஒருவருக்குக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1887இல் இவ்விலக்கை மறுத்தது (சுகாரு கவிராஜ் வழக்கு). அந்த அளவுகோல் பேயோட்டுநருக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

இசைவு பற்றிய வாதம் இவ்வளவு எளிதில் வீழ்வதில்லை. தனக்குக் காக்கும் ஆற்றல் உண்டென நம்பவைத்து ஒருவரைப் பாம்பு கடிக்க இசையச் செய்த பாம்பாட்டியின் வழக்கில் (1869), பிறழ்ந்த எண்ணத்தால் தந்த இசைவு செல்லாது எனக் கொள்ளப்பட்டது. ஆயினும் 90ஆம் பிரிவு, அப்பிறழ்ச்சியைச் செய்தவர் அறிந்திருக்க வேண்டும், அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும் என்கிறது. பாம்பாட்டி ஏமாற்றினான், பேயோட்டுநரோ, பல வேளைகளில், தாமும் நம்புகிறார். அங்கே அப்பிரிவின் மற்றொரு கூறான ‘அச்சம்’ வலுவான பிடிமானமாகும். கட்டுண்டு அடிபடுபவரின் தலையசைப்பை இசைவென்று கொள்வது அரிது.

நடைமுறையில் பெரிய தடை வேறு. காயம் விளைவித்தல் (பிரிவு 323; புதிய சட்டத்தில் 115(2)) பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றமன்று. நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்யவும் இயலாது. முறையிட வேண்டிய உறவினரே பெரும்பாலும் சடங்கிற்கு அழைத்துவந்தவர்கள். சூடிடுதலும் அடைத்துவைத்தலும் அவ்வகையின அல்ல. காவல்துறை தானாகவே அவற்றில் தலையிடலாம். மகாராட்டிர மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பேயோட்டும் பெயரால் அடித்தலையும் இவற்றோடு சேர்த்து, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்கதாகவும் பிணையில் விடத்தகாததாகவும் ஆக்கி, ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.