வளையமாதேவி வயலும் ஈச்சங்காட்டு வாளியும்

2023 ஜூலை 26 அன்று, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன்கள் இறங்கின. நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை, போலீஸ் காவலோடு நடந்தது. ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம்தான் என்றது நிறுவனம். இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் உழவர் கையில் விட்டுவைத்த மண்ணில், ஓர் அறுவடை வரை பொறுக்கக் கூடாதா? ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பயிர் போன பிறகு!

என்.எல்.சி. 1956இல் உருவான மத்திய அரசு நிறுவனம். அதற்கு நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில அரசு. குறை சொல்லப் போகிறவர் நெய்வேலிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிறார். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, நிலம் எடுக்கும் முன்பே அதனால் ஊருக்கு வரும் பாதிப்பை ஆராய்ந்து, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். தமிழகமோ தன் 1997ஆம் ஆண்டுத் தொழில் நிலச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த விலக்கை மீட்க அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஊரார் முன்கூட்டியே கேள்வி கேட்க இருந்த வாய்ப்பு இப்படித்தான் பறிபோனது.

கேட்க விடாவிட்டாலும் கவனித்துக் குறித்துவைக்கலாம். அதைச் செய்து காட்டிய ஊர்கள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் ஆலைகளை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்களின் மக்கள் 2004 முதல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எத்தனை மணிக்கு, என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதிவைத்தார்கள். காற்றையும் பிடித்தார்கள்: மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. வாளிக் காற்றை வெளியே இழுத்தால், ஊர்க் காற்று பைக்குள் நிறையும். 1990களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அடுத்து வாழ்ந்தவர்கள் கையாண்ட முறை இது. அந்தப் பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. புற்றுநோய் தரக்கூடிய வேதிப்பொருள்கள் அவற்றில் இருப்பது தெரிந்தது. வெறும் நாற்றம் என்று இனி யாரும் தள்ளிவிட முடியாது.

நெய்வேலியைச் சுற்றிய ஊர்களுக்கும் இப்படி ஒரு பிடி உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற எந்தச் சுரங்கமும், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரசுக்குத் தர வேண்டும். அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். நிலத்தடி நீர் பற்றி அதில் எழுதியிருப்பதைக் கிராம சபையில் தமிழில் வாசித்து, அவரவர் போர்வெல் ஆழத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானமாகப் பதிய வேண்டும். அடுத்த முறை கலெக்டரிடம் போகும்போது அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.