முனைகளின் கணிதம்

ஊவா மலைநாட்டிற் பிரயாணஞ் செய்தோர் தெமோதரையை மறந்திரார். புகையிரத நிலையத்தின் அடியிலேயே ஒரு சுரங்கம். நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற இடத்துக்குக் கீழாகவே நுழைந்து பதுளையை நோக்கிச் செல்கின்றது. கங்காணியொருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைக் கண்டு பொறியியலாளர் விமலசுரேந்திர இவ்வளையத்துக்கு வழி கண்டார் என்பது செவிவழிக் கதை. பதுளைவரை பாதை திறக்கப்பட்டது 1924 இல். கதை எவ்வாறாயினும், அதனுள் அடங்கிய வினா கணிதத்துக்கு உரியது.

44 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ ஆகாது என்பது இம்மலைப்பாதையின் விதி. எனவே, 100 அடி இறங்க 4400 அடித் தண்டவாளம் வேண்டும். வளைவும் அளவுக்கு மிஞ்சி இறுகலாகாது. இத்தகைய தடைகளுக்குள் மிகச் சிறந்த வழியைத் தேடுவதே உத்தமக் கட்டுப்பாட்டுக் கணிதம். சமதளத்தில் வளைவுக்கு எல்லை விதித்தால், மிகக் குறுகிய பாதை நேர்கோடுகளாலும் அவ்வெல்லையளவான வட்டவில்லுகளாலுமே ஆகும் என அமெரிக்கரான லெஸ்டர் டூபின்ஸ் 1957 இல் நிறுவினார். கோடு முடிந்து வில் தொடங்குமிடத்தில் வளைவு படிப்படியாக வளர்வதில்லை, திடீரென மாறுகின்றது. சிறந்த விடை பல வேளைகளில் இத்தகைய ஒப்பமற்ற இடங்களிலேயே தங்கியிருக்கும்.

நியூட்டனும் லைப்னிட்சும் தந்த நுண்கணிதமோ ஒப்பமான வளைகோடுகளையே விரும்புவது. உச்சியிற் சாய்வு பூச்சியம் என அது கற்பிக்கும். லயத்துக் கூரையின் முகட்டைப் பாருங்கள். ஒருபுறம் ஏற்றம், மறுபுறம் இறக்கம். முகட்டிற் சாய்வு எது? கனடியரான பிரான்சிஸ் கிளார்க் 1973 இல் தம் ஆய்வேட்டில் இதற்கு வழி காட்டினார். ஒரேயொரு சாய்வைத் தேடாமல், இருபுறச் சாய்வுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட யாவற்றையும் ஒரு தொகுதியாகக் கொள்ளவேண்டும். அத்தொகுதியுட் பூச்சியம் இருப்பின், அவ்விடம் உச்சமாகவோ தாழ்வாகவோ இருக்கக்கூடும்.

இனி, கொழுந்து நிறுக்கும் தராசடிக்கு வருவோம். குறித்த கிலோவை எட்டியவருக்கு முழுப்பேர், எட்டாதவருக்கு அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு வேறொரு வீதம். இது தோட்டங்களில் அறியப்பட்ட வழக்கு. அவ்வளவு 18 கிலோ எனக் கொள்வோம். 18 நிறுத்தவர் முழுநாட் கூலி பெறுவார். 17 நிறுத்தவர் பாதியே பெறுவார். கூலியை வரைபில் வரைந்தால், அவ்விடத்தில் இருப்பது முனைகூட அன்று. ஒரு செங்குத்தான படி.

ஒப்பமான சார்பில், சிறு மாற்றம் சிறு விளைவையே தரும். படியுள்ள இடத்தில் அவ்வாறன்று. 18 ஐ 20 ஆக்கினால், 25 கிலோ பறிப்பவர் இரண்டு கிலோவுக்குரிய மேலதிகக் காசை மட்டும் இழப்பார். 19 பறிப்பவரோ அரைநாட் கூலியையே இழப்பார். முதியவர், உடல் நலிந்தவர், கொழுந்து மெலிந்த மலையிற் பறிக்க நேர்ந்தவர் ஆகியோரே பெரும்பாலும் அவ்விளிம்பில் நிற்போர். சராசரியை மட்டும் நோக்குவோர் கணக்கில் இவர்கள் தென்படார். 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபா என விதிக்கப்பட்டபின், எத்தனை கிலோ என்னும் வினா அத்தனை வலுவாக எழுந்ததன் நியாயம் இதில் விளங்கும்.

எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதைக் கணிதம் தானாகத் தெரிவுசெய்வதில்லை. இலக்கை மனிதரே வகுக்கின்றனர். அந்த இலக்குக்குரிய வழியையே கணிதம் காட்டும். பறித்த எடைக்கேற்பப் படியின்றி உயரும் கூலிக்கோட்டையும் அதே கணிதத்தால் வரையலாம்.

ஊவாவில் உயர்தர மாணவருக்கு வகையீடு கற்பிக்கும் ஆசிரியர் உதாரணந் தேடித் தொலைதூரஞ் செல்லவேண்டியதில்லை. தெமோதரை வளையத்தையும் கொழுந்துத் தராசையும் கரும்பலகையில் அருகருகே வரைந்து, சாய்வு எங்கே உண்டு, எங்கே இல்லை என மாணவரிடமே வினவலாம். இரண்டாவது வரைபை வீட்டிலிருந்தே அறிந்துவந்த பிள்ளைகள் அவ்வகுப்பிற் பலர் இருப்பர்.