“ஆமாங்கய்யா” சொன்னால் அப்பீல் போச்சு! கஞ்சா வழக்கில் ஒப்புக்கொண்டவர் கதி என்ன?

சென்னை எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் சின்ன கஞ்சா வழக்கில் சிக்கியவர்களுக்கு வராந்தாவிலேயே ஒரு யோசனை கிடைக்கும்.

“பேசாம ஒத்துக்கோ தம்பி. ஃபைனைக் கட்டிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்.”

சொல்பவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர்!

200 கிராம் பொட்டலத்துடன் ஒரு வாலிபர் பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜாமீன் நிற்க ஆள் இல்லை. புழல் ஜெயிலை நினைத்தாலே நடுக்கம். கூண்டில் ஏறியதும் “ஆமாங்கய்யா” என்று சொல்லி விடுகிறார். அபராதம் கட்டி வெளியே வருகிறார். தாயாருக்கு நிம்மதி.

ஆறு மாதம் கழித்து அரசாங்க வேலைக்கு மனு போடுகிறார். போலீஸ் விசாரணை வருகிறது. ரிக்கார்டில் ‘தண்டனை பெற்றவர்’!

“பை என்னோடது இல்லீங்க. கூட வந்தவன் வச்சுக்கச் சொன்னான்” என்று அப்போதுதான் வாய் திறக்கிறார். வக்கீல் வீட்டுக்கு ஓட்டம்.

கதவு மூடியது

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், ‘நான் குற்றவாளி அல்ல’ என்று அப்பீல் செய்ய முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 375-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 416-வது பிரிவு. நம்பர்தான் மாறியது!

தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டும் அப்பீல் போகலாம். கஞ்சா 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு உச்ச தண்டனை 1 வருட ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் தீர்ப்பானால் கேள்வி கேட்கலாம். மாஜிஸ்திரேட்டு தீர்ப்பை எதிர்த்து செசன்சு கோர்ட்டுக்குப் போக கெடு 30 நாள். ஆறு மாதம் தூங்கியவர், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும்.

சந்து ஒன்று உண்டு

அப்பீல் இல்லாவிட்டாலும் ‘ரிவிஷன்’ மனு இருக்கிறது. கெடு 90 நாள். இங்கே பார்ப்பது, அந்த ‘ஆமாங்கய்யா’ எப்படி வந்தது என்பதைத்தான்.

இப்படிப்பட்ட சிறு வழக்கில், குற்றச்சாட்டு என்ன என்று எதிரிக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பதிலைக் கூடியமட்டும் அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒப்புக்கொண்டார் என்பதற்காகத் தண்டித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை. விளங்காமல் சொன்னது, மிரட்டலில் சொன்னது, ஆசை காட்டிச் சொல்ல வைத்தது என்று காட்ட முடிந்தால் தண்டனை ரத்தாகலாம்.

ஆனால் ஒன்று. ரத்தானால் பெரும்பாலும் விடுதலை இல்லை. வழக்கு முதலில் இருந்து நடக்கும். அதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

சும்மா விட்டாலும் ஆபத்து. அதே மாதிரி வழக்கில் மறுபடி மாட்டினால் உச்ச தண்டனை ஒன்றரை மடங்காக ஏறும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்கிறவர்கள் கவனிக்க: காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. கூண்டில் வாய் திறப்பதற்கு முன்பே, “எனக்கு வக்கீல் வேணுங்கய்யா” என்று கேட்கலாம். ஜெயில் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் இலவசம். உள்ளே இருப்பவர் அப்பீல் மனுவை ஜெயில் அதிகாரியிடம் கொடுத்தால் போதும். கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு.